கையில்லாக் கும்பிடு

என் மருமகள் ஒரு கும்பிடுபூச்சிக்குப் பெயர் வைக்கப்போகிறாள். பூச்சி செத்துப் பல கோடி வருடமாகிறது, ஆறுதலாகச் செய்யலாம்தானே என்று கேட்டேன். "எனக்கு செப்டெம்பரோட காசு நிண்டிடும் மாமா" என்றாள். ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவிப்பணத்தைச் சொல்கிறாள். இத்தனை கோடி வருடம் கல்லுக்குள் பொறுமையாகக் கிடந்த சீவன் இப்போது செப்டெம்பருக்காக ஓடுகிறது.

பூச்சி என்று நான் சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். இருப்பது ஒரு சிறகு. இடப்பக்கத்து முன்சிறகு, அதிலும் நுனி கல்லோடு உடைந்து போய்விட்டது. தலை இல்லை, கழுத்து இல்லை, வயிறு இல்லை. எல்லாவற்றையும்விட, கைகள் இல்லை.

இந்தப் பூச்சியின் புகழ் முழுக்க அந்தக் கைகளில்தான் தொங்குகிறது. கிரேக்கர் 'மன்டிஸ்' என்றார்கள், குறி சொல்பவர். லின்னேயஸ் 1758இல் 'ரிலிஜியோசுஸ்' என்று பக்திப் பட்டம் கொடுத்தார். பூச்சிகளைப் பார்த்தே ஆயுளைக் கழித்த ஃபாப்ர், தன் பக்கத்துப் புரோவான்ஸ் சனங்கள் அதைக் கடவுளைத் தொழுவது என்று பொருள்படும் 'பிரேகோ தியூ' என்ற பெயரால் அழைப்பதை எழுதிவைத்திருக்கிறார். எங்களுக்கு அது கும்பிடுபூச்சி. ஒருவரைப் பார்த்து ஒருவர் கொப்பியடிக்கவில்லை. எல்லோரும் அந்த மடித்த கைகளைப் பார்த்துத் தனித்தனியாக ஏமாந்திருக்கிறார்கள். அவை எதற்காக மடிந்திருக்கின்றன என்பது ஈக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லுக்குப் பக்தி விளங்காது. அது கைகளை விட்டுவிட்டுச் சிறகை வைத்துக்கொள்கிறது. சிறகு மெலிந்த பண்டம்தான், ஆனால் தின்பதற்கு உதவாதது. குருவி பூச்சியைக் கொத்தினால் உடலை விழுங்கிச் சிறகை உதறிவிடும். ஏரியில் விழுந்தால் உடல் ஊறி அழுகும். சிறகு கழன்று மிதந்து, ஒருநாள் தாழ்ந்து, சேற்றில் படியும். சேறு கல்லாகும். பிரேசிலின் வடகிழக்கில், கிராட்டோ சுண்ணக்கல்லில், ஏறத்தாழ 11 கோடி வருடம் பழைய கும்பிடுபூச்சிகள் கைகளோடு கிடைக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் கிரிமால்டி 2003இல் 'சாந்தான்மன்டிஸ்' என்று பெயர் வைத்தவை அப்படிப்பட்டவை. அது அங்கே உள்ளவர்களின் அதிர்ஷ்டம். எங்களுக்கு வாய்த்தது சிறகு. எங்கள் கல் எந்த ஊர்க் கல் என்று கேட்காதீர்கள். கட்டுரை வெளிவரும்வரை வாய் திறக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

'எங்கள்' என்று நான் உரிமை கொண்டாடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1986இல் பாரிசுக்கு வந்தேன். அகதிப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் "கொப்பரின்ர பேரைச் சொல்லும்" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து பிரான்சில் நான் என் அப்பா. வங்கியில் அப்பா, ஆஸ்பத்திரியில் அப்பா, வேலைத்தலத்தில் 'மிஸ்யூ' போட்டு அப்பா. அவரோ யாழ்ப்பாணத்தில் ஒரு உபதபாலகத்தில் 31 வருடம் வேலை செய்தவர். திகதி முத்திரையை ஒரு கடிதத்தில்கூடக் கோணலாகக் குத்தியதில்லை என்று ஊரில் பெயர். மை மங்கினால் கடிதம் போடவந்தவரை நிற்கவைத்து, மையை மாற்றி, திரும்பக் குத்துவார்.

நான் கார் து நோர் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். எங்கள் காலத்துப் பெடியள் எல்லோரும் படித்த பல்கலைக்கழகம் அது. இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்தால் எங்கள் வேலை முடியும், கரப்பொத்தான்களின் வேலை தொடங்கும். அவற்றைக் கண்டு மற்றவர்கள் அருவருத்தார்கள். எனக்குப் பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி இருந்தது. உயர்தரத்தில் விலங்கியல் படித்தவன் நான். கரப்பொத்தானின் வாயுறுப்புகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒட்டி, படம் வரைந்து, பெயர் குறித்தவன். அதற்கு நல்ல புள்ளியும் எடுத்தவன்.

அகதிகளுக்குப் பின்னேரத்தில் இலவசமாகப் பிரெஞ்சு படிப்பித்த ஒரு அம்மா என் கொப்பியைப் பார்த்தார். வினைச்சொற்களுக்குப் பக்கத்தில் கரப்பொத்தானின் கீழுதடு இருந்தது. அவருடைய கணவர் கல்லில் பதிந்த பூச்சிகளை ஆராயும் பேராசிரியர். மலிவாகப் படம் வரைய ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மொழியைக் கவனிக்காமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்த சம்பளம் அந்த வேலை. மத்தியானம் இரண்டிலிருந்து ஆறுவரை கல், ஏழிலிருந்து கோப்பை.

நுணுக்குக்காட்டியின் பக்கத்தில் ஒரு குழாய் நீண்டிருக்கும். உள்ளே கண்ணாடியும் பட்டகமும். குனிந்து பார்த்தால் கல்லும் தெரியும். மேசையில் கிடக்கும் தாளும் என் பென்சில் நுனியும் அதன்மேல் ஆவி மாதிரித் தெரியும். ஆவியைக் கொண்டு கல்லை வரைய வேண்டும். 'ஷாம்ப்ர் கிளேர்', வெளிச்ச அறை, என்பார்கள். வுலஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1806இல் இதன் மூலவடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். சிறகின்மேல் தூரிகையால் ஒரு துளி மதுசாரம் தடவினால் நரம்புகள் கறுத்து எழும்பும். சில செக்கன்களில் மதுசாரம் பறந்துவிடும், நரம்புகளும் படுத்துவிடும். அதற்குள் பார்த்ததைப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாததைப் புள்ளிக்கோடாகப் போட வேண்டும். பேராசிரியருக்குப் புள்ளிக்கோடு பிடிக்காது. "இந்த நரம்பு இங்கே தொடங்கி அங்கே முடிகிறது. நடுவில் அது எங்கே போயிருக்கும், கோப்பி குடிக்கவா?" என்று கேட்பார். நான் கோட்டை இணைப்பேன்.

மசிப்படத்துக்கு ரொட்ரிங் பேனை, 0.18. அதன் மூக்கு அடைபடுவது எங்கள் ஊர்ப் பம்பு அடைபடுவதைப்போல; வேலை இருக்கும் நாளில்தான் அடைபடும். பிழைத்தால் சவர அலகால் தாளைச் சுரண்ட வேண்டும். ஒரே இடத்தை இரண்டு தரம் சுரண்டலாம். மூன்றாவது தரம் ஓட்டை விழும். இதை நினைவில் வைத்திருங்கள். எழுத்துகளுக்கு லெட்ராசெட், உரசி ஒட்டுவது. எல்லாச் சிறகிலும் ரேடியஸ் நரம்பு உண்டு, ஆகையால் 'ஆர்' எழுத்து எப்போதும் முதலில் தீரும். மிச்சம் கிடக்கும் 'பி'க்குப் பேனையால் ஒரு கால் வைத்து 'ஆர்' ஆக்குவேன். விஞ்ஞானத்துக்கு நான் செய்த முதல் மோசடி அதுதான், கடைசி அல்ல.

மருமகளின் ஆய்வுகூடத்துக்கு இப்போது போய்ப் பார்த்தால், மேசையில் கவிழ்த்த தாச்சி மாதிரி ஒரு கறுத்த அரைக்கோளம். உள்ளே சுற்றிவரக் குட்டி விளக்குகள். கல்லை அடியில் வைத்து மூடினால் ஒவ்வொரு விளக்காக எரிந்து அணையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கணினி அவ்வளவையும் சேர்த்துப் பிசைந்து ஒன்றாக்கும். பிறகு மவுசை நகர்த்தினால் வெளிச்சம் கல்லைச் சுற்றி ஓடும். சாய்ந்த வெளிச்சத்தில் மேடு பள்ளம் எல்லாம் துலங்கும். எச்.பி. நிறுவனத்தில் டொம் மல்ஸ்பெண்டர் என்பவர் 2001இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. கடலுக்கடியில் கண்டெடுத்த ஆன்டிகிதெரா என்ற கிரேக்க யந்திரத்தின் தேய்ந்த எழுத்துகளைக்கூட இப்படித்தான் வாசித்தார்கள்.

"எந்தப் பக்கத்தாலயும் வெளிச்சம் கொண்டு வரலாம் மாமா. அந்தக் காலத்தில நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"மேசை விளக்கை இடக்கையால தள்ளினனான்."

அவள் அதை ஒரு பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

இன்னொரு சிறகோடு ஒப்பிட வேண்டுமானால் அப்போது கடிதம் எழுத வேண்டும். பேராசிரியரிடம் அதற்கென்றே அச்சடித்த அட்டைகள் இருந்தன. கட்டுரையின் தலைப்பை மட்டும் நிரப்பினால் போதும், மிச்சப் பணிவெல்லாம் அச்சில் இருக்கும். மொஸ்கோவிலிருந்து பதில் வர மாதக்கணக்காகும். வந்தால் முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி ஊருக்கு அப்பாவுக்கு அனுப்புவேன். சண்டைக்குள்ளும் சில போய்ச் சேர்ந்தன. லெனின் தலை கோணலாகக் குத்துப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை குறை எழுதியிருந்தார்.

மருமகளுக்கு நாலு செக்கன். கிராட்செவும் செரிகினும் 1993இல் எழுதிய கிரித்தேசியக் காலத்துக் கும்பிடுபூச்சிக் கட்டுரை, அதற்கு முன் ஷாரோவ் 1962இல் எழுதியது, அதற்கும் முன் கொக்கரெல் 1908இல் எழுதியது, எல்லாம் மடிக்கணினியில் கிடக்கின்றன. எத்தனையை வாசித்தாய் என்று கேட்டால் கோபம் வரும். கொக்கரெல் கொலராடோவில் இருந்த ஆங்கிலேயர். தேனீ, நத்தை, மீன் செதில், கல்பூச்சி என்று கைக்கு வந்த எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தவர். அவர் வைத்த பெயர்கள் ஆயிரக்கணக்கில் எண்ணப்படுகின்றன. ஃபுளோரிசன்ட் ஏரிக்கல்லில் கிடைத்த ஒன்றைத் தென்னமெரிக்காவில் உயிரோடுள்ள ஃபோட்டினா போல இருக்கிறது என்று சொல்லி 'லித்தோஃபோட்டினா', கல் ஃபோட்டினா, என்று போட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். அந்தச் சிறகின் நரம்புகளை ஆறுதலாக எண்ணிப்பார்க்க 54 வருடம் கழித்து ஷாரோவ் வரவேண்டியிருந்தது.

நரம்பு எண்ணுவது என்பது வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோலக் கணக்கு வேலை இல்லை. அது வேலிச்சண்டை. கொம்ஸ்டொக், நீடம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1898, 1899இல் எல்லாப் பூச்சிச் சிறகுக்கும் ஒரே தோம்பு எழுதினார்கள். முன்விளிம்பில் கொஸ்டா, பிறகு சப்கொஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், கடைசியில் அனல். ஆறு குடும்பம், ஆறு காணி. சரி, இனிச் சண்டை இல்லை என்று நினைத்தால், யாழ்ப்பாணத்தில் இரவோடிரவாகக் கதியாலை நகர்த்துவதுபோல ஒவ்வொருவரும் ஒவ்வொரு நரம்பை ஒரு சாண் நகர்த்தினார்கள். ரேடியசும் மீடியாவும் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். எது யாருடையது என்பதில் வழக்கு. கியூபிட்டசுக்கும் அனலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை. அது அனலின் முதல் பிள்ளையா, போஸ்ட்கியூபிட்டஸ் என்ற தனிக் குடும்பமா என்று ஒரு தலைமுறையே பேசாமல் இருந்தது. 2020இல் பாரிஸ் ஆட்கள் நுண் ஊடுகதிர்ப் படமெடுத்து, நரம்புகளை அடிவரை தேடிப்போய், அது தனிக் குடும்பம்தான் என்றார்கள். நான் லெட்ராசெட்டால் உரசி ஒட்டிய அனல்களில் எத்தனை இப்போது போஸ்ட்கியூபிட்டசாகிவிட்டன என்று நான் எண்ணிப்பார்க்கவில்லை.

வெறும் வரட்டுச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. அந்த வேலியை வைத்துத்தான் இது கும்பிடுபூச்சியா, கரப்பொத்தானா என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கறையானும் அதே வீடுதான். 2007இல் மரபணுவைப் பார்த்துக் கறையான் தனி வரிசையே இல்லை, சமூகமாக வாழும் கரப்பான்தான் என்று சொல்லிவிட்டார்கள். கைகள் இருந்தால் ஒரு குழந்தையும் வித்தியாசம் சொல்லும். சிறகு மட்டும் இருந்தால் பேராசிரியர்கள் தடுமாறுவார்கள்.

தடுமாறியும் இருக்கிறார்கள். 1940இல், ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்த அதே வருடத்தில், லூயி பித்தோன் என்பவர் மெனா என்ற இடத்துக் கல்லுயிர்களைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மெனா நடு பிரான்சில், ஓவர்ன் பிரதேசத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 6 கோடி வருடத்துக்கு முன் எரிமலை வாயில் தேங்கிய ஏரியின் சேறுதான் அந்தக் கல். அங்கே கிடைத்த ஒரு பூச்சிக்கு அவர் 'புரோகெராடோடிஸ் எனிக்மாட்டிகுஸ்' என்று பெயரிட்டார். கெராடோடிஸ் என்பது நடு, தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளில் இன்றும் வாழும் கும்பிடுபூச்சி. கழுத்துப் பக்கம் இலைபோல அகன்று, பச்சைப் பலகை கட்டிய மாதிரி இருக்கும். அதற்கு முன்னோடி என்று காட்ட 'புரோ'. எனிக்மாட்டிகுஸ் என்றால் புதிர்.

அந்தப் பெயர் 78 வருடம் நின்றது. பழைய கும்பிடுபூச்சிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதற்கு ஒரு வரி இருந்தது. பேராசிரியர் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார், கோயில் மூலஸ்தானத்தைக் காட்டுவதுபோல. 2018இல் மூன்று பேர் கல்லைத் திரும்ப எடுத்து, நரம்புகளைப் பார்த்து, இது கரப்பொத்தான் என்று எழுதினார்கள். பிரார்த்தனை பலிக்கவில்லை என்ற கருத்தில் தலைப்பும் வைத்தார்கள். விஞ்ஞானக் கட்டுரைத் தலைப்பில் பகிடி விடுவதும் இந்தக் காலத்து வழக்கம். எங்கள் பேராசிரியர் கண்டிருந்தால் சந்தாவை நிறுத்தியிருப்பார்.

மருமகள் இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. பகலில் கும்பிடுபூச்சியும் இரவில் கரப்பொத்தானுமாக என் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்திருந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கிறேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

சிறகுச் சண்டை இந்த ஒரு கல்லோடு நின்றது என்று சொல்ல முடியாது. 2009இல் இரண்டு பேர், முன்சிறகின் நரம்பை வைத்து, கும்பிடுபூச்சியின் வேர் கார்போனிஃபெரஸ் காலம்வரை, அதாவது 30 கோடி வருடம்வரை, போகிறது என்றார்கள். 2013இல் ரஷ்யாவிலிருந்து கொரொகோவ், அதற்கு ஆதாரமே இல்லை என்றார். சிறகு அதே சிறகு. 2020இல் கனடாவில் ஒரு குழு, லாப்ரடோரில் கைவிட்ட இரும்புச் சுரங்கமொன்றின் சிவந்த கல்லிலிருந்து ஏறத்தாழ 10 கோடி வருடப் பழசான ஒரு கும்பிடுபூச்சியை விவரித்தது. அதன் பெயர் லாப்ரடோர்மன்டிஸ். அங்கேயும் சிறகுதான். உயிரோடுள்ள ஆதிக் கிளைகள் எந்த ஒழுங்கில் பிரிந்தன என்ற சிக்கலை இந்தச் சிறகு அவிழ்க்கிறது என்று தலைப்பிலேயே சொன்னார்கள். மருமகளுக்கு அந்தக் கட்டுரைதான் வேதம். மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள்.

அவளுடைய சிறகும் வேதத்தில் சொன்னபடி நடந்துகொண்டது. நரம்புகளைப் பிரித்தாள், பெயர் குறித்தாள், சைபர், ஒன்று, கேள்விக்குறி என்று அட்டவணை போட்டாள். எங்கள் காலத்தில் ஒரு ஆள், இரண்டரைப் பக்கம், ஒரு படம், முடிந்தது. இவளுக்கு ஐந்து ஆசிரியர்கள். மின்வடிவில் மட்டும் வெளிவரும் கட்டுரையென்றால் 2012இல் திருத்திய விதிப்படி சூபாங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்தால்தான் பெயர் செல்லும். பிள்ளை பிறக்கமுதல் அடையாள அட்டை. கோட்டுப்படம் மட்டும் இன்னும் வேண்டுமாம். இத்தனை விளக்கு, இத்தனை படம் எல்லாம் எடுத்த பிறகும், கடைசியில் ஒருவர் குந்தியிருந்து, நரம்பு இங்கே போகிறது என்று ஒரு கோடு இழுக்க வேண்டும். இப்போது அதைத் திரையில் இழுக்கிறார்கள். பிழைத்தால் சுரண்டத் தேவையில்லை. எத்தனை தரமும் அழிக்கலாம்.

போன மாசி மாதம் அவள் வீட்டுக்கு வந்தாள். மாமி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மடிக்கணினியைத் திறந்து, "மாமா, இஞ்ச ஒருக்கா வாங்கோ. உங்கட படம்" என்றாள்.

என்னுடைய படம்தான். 1988. கால் வைத்த 'பி'க்கள் மூன்றை நானே கண்டுபிடித்தேன். அவளுடைய சிறகுக்கு மிகக் கிட்டிய உறவு அந்தக் கல்தானாம். இரண்டும் ஒரே இனமா, வேறா என்று காட்ட வேண்டும். நாலு வித்தியாசம் கண்டிருக்கிறாள். அதில் முதலாவது, மிகப் பலமானது, பேராசிரியர் தன் விவரிப்பில் தனியாக ஒரு வசனம் எழுதிய ஒரு குறுக்கு நரம்பு. மீடியாவுக்கும் கியூபிட்டசுக்கும் நடுவில், சாய்வாக, தடித்ததாக. அந்தக் கல்லில் உண்டு, இவளுடையதில் இல்லை.

"பிரச்சினை என்னெண்டால் மாமா, கல்லை எடுத்து தாச்சிக்குள்ள வைச்சுப் பார்த்தன். அந்த நரம்பு தெரியேல்லை. எந்த வெளிச்சத்திலயும் தெரியேல்லை."

எனக்குத் தொண்டை காய்ந்தது.

"கல்லு காய்ஞ்சு மேல் பொருக்கு கழண்டிருக்குது. நீங்கள் பார்க்கேக்க புதுசா இருந்திருக்கும். உங்கட கண்ணை மெசின் வெல்லேல்லை" என்றாள். சொன்னது மட்டுமில்லை, எழுதியும் வைத்திருந்தாள்: முதல் ஆய்வின்போது தெளிவாகக் காணப்பட்ட இந்த நரம்பு, கல் சிதைந்ததால் இன்று காணக்கிடைக்கவில்லை.

தோசை ஆறியது. நான் கல் காய்வதைப் பற்றி ஏதோ கதைத்தேன். அவள் இரண்டு தோசை தின்றுவிட்டுப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். 1988 தை மாதம், முதலாவது கிழமை. கிறிஸ்மசிலிருந்து புதுவருடம்வரை உணவகத்தில் இரட்டை வேலை. நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நித்திரை கொண்ட நாள் ஞாபகமில்லை. பேராசிரியர் அடுத்தநாள் கட்டுரையைத் தபாலில் போட வேண்டும். மசிப்படத்தில் கியூபிட்டசின் இரண்டாவது கிளையை இழுத்துக்கொண்டிருந்தேன். கண் சொருகியது. பேனை வழுக்கியது. முழித்துப் பார்த்தால், மீடியாவிலிருந்து கியூபிட்டசுவரை சாய்வாக ஒரு கோடு. படம் பத்து மடங்கு பெருப்பித்தது. கோடு அரை விரல் நீளம்கூட இல்லை. அலகை எடுத்தேன். அந்த இடத்தை முதலே இரண்டு தரம் சுரண்டியாகிவிட்டது.

நான் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கினேன். இரண்டு முனையையும் நரம்புகளோடு ஒழுங்காகச் சேர்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகான குறுக்கு நரம்பு.

பேராசிரியர் உருப்பெருக்கியை வைத்துப் படத்தை நெடுநேரம் பார்த்தார். இன்றோடு இந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "மிஸ்யூ, நல்ல கண்" என்றார். பிறகு தட்டச்சு யந்திரத்தில் தாளைச் செருகி, ஒரு வசனம் சேர்த்தார். கல்லைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? கல்லைப் பார்ப்பதற்குத்தானே என்னை வைத்திருந்தார்.

அந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லை. ஆறு வருடம் வரைந்தேன். ஒரு நன்றிக் குறிப்பில்கூட இல்லை. அப்போது அது வழக்கமில்லை, நானும் கேட்கவில்லை. மருமகள் கையொப்பமில்லாத படத்தைப் பார்த்து எப்படி என்னுடையது என்றாள் என்று யோசித்தேன். வேறொன்றுமில்லை, அந்த 'ஆர்'களை அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான்தான் பகிடியாகச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். குறுக்கு நரம்பைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை சொல்லாமல் இருந்தேன். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கல் கழன்றுபோனது என்று அவளே எழுதிவைத்திருக்கிறாள். சாட்சி இல்லை, பேராசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சொன்னால் அவளுடைய நாலு வித்தியாசத்தில் பலமானது போய்விடும். புது இனம் பழைய இனமாகிவிட்டால் செப்டெம்பருக்குள் என்ன செய்வாள்? அப்பாவை நினைத்தேன். மையை மாற்றித் திரும்பக் குத்துகிற மனிதர்.

தொலைபேசியில்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை.

"பிள்ளை, அந்த நரம்பு."

"ஓம் மாமா."

"அது பேனை வழுக்கினது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். "அப்ப மெசின் சரி" என்றாள். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அட்டவணையில் ஒரு 'ஒன்று' சைபராகிக்கொண்டிருந்தது என்று ஊகித்தேன். "மூண்டு மிச்சமிருக்கு. காணும்." காணுமா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டாள். இதைக் கட்டுரையில் சொல்லத்தான் வேண்டுமாம். பழைய விவரிப்பில் உள்ள நரம்பை நீக்கினால் ஆதாரம் காட்ட வேண்டும். யாராவது வாயால் சொன்னதை ஆதாரமாகக் காட்டுவதற்கு ஒரு சம்பிரதாயம் இருக்கிறது: குடும்பப் பெயர், தனிப்பட்ட தகவல் என்று ஒரு குறிப்பு, மாதம், வருடம். அவ்வளவுதான்.

"உங்கட பேர் முதல்தரம் அச்சில வரப்போகுது மாமா."

"என்ர பேரோ?"

அவள் யோசித்தாள். என்னுடைய பிரெஞ்சு அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். இருபக்கமும் திருப்பிப் பார்த்தாள். மாமி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

"அப்ப அம்மப்பான்ர பேர்தான் போடவேணும்" என்றாள். "அதில 'எச்' எங்க வரும்?"

31 வருடத்தில் ஒரு கடிதத்தில்கூடக் கோணலாகக் குத்தாதவரின் பெயரை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் தட்டினாள்.